தென்பெண்ணைக் கரையில் வெங்காயத் தாமரை

பெங்களூரில் கல்வி பயிலும் நம்மில் பலர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒசூர், கிருஷ்ணகிரி வழியாகவே செல்கிறோம். ஒசூரைத் தாண்டியபின் பேருந்து ஓர் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும். உறங்குவோர் அதனைக் காண்பதில்லை; விழித்திருப்போரும் மூக்கைப் பொத்திக்கொள்வதோடு சரி. அந்த ஆறுதான் தென்பெண்ணை. கன்னட நாட்டார் அதனைத் தட்சிண பினாகினி என்பர். நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஒசக்கோட்டை ஏரியை நிரப்பி, பெங்களூரின் கிழக்குப் புறமாகத் தெற்கு நோக்கி வந்து, ஒசூருக்கு அருகில் கெலவரப்பள்ளி அணையைச் சேர்கிறது. பின்னர்க் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை ஆகியவற்றைக் கடந்து, கபிலர் குன்று நிற்கும் திருக்கோவிலூரின் ஓரமாக ஓடி, கடலூர் அருகே கடலிற் கலக்கிறது. சங்கப் புலவர் பெண்ணை என்று பாடிய ஆறு இதுவே.

இந்த ஆற்றின் மேற்பகுதியில், சிறப்பாகப் பெங்களூரின் கழிவு நீர் வந்து கூடும் ஏரிகளிலும் ஓடைகளிலும், நீர் தெரியாதபடி பச்சைக் கம்பளம் விரித்தாற்போல ஒரு செடி படர்ந்திருப்பதைக் காணலாம். ஊதா நிறத்தில் அழகிய பூங்கொத்து. மேலிதழில் மயிற்கண் போன்ற மஞ்சட் புள்ளி. அதன் அழகைக் கண்டு மயங்கித்தான் மக்கள் அதனை உலகெங்கும் கொண்டு சென்றனர். இக்கட்டுரையில் அச்செடியின் இயல்பு யாது, அதனை ஒடுக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் யாவை, அவற்றுள் பெங்களூர் நகருக்கு உரிய பங்கு என்ன என்பவற்றை ஆராய்வோம்.

முதலில் பெயரைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். நம் நாளிதழ்கள் இச்செடியை ‘ஆகாயத் தாமரை’ என்றே எழுதிவருகின்றன. ஆனால் சித்த மருத்துவ நூல்கள் ஆகாயத் தாமரை என்று குறிப்பது வேறொரு செடியை. அது முட்டைக்கோசுக் குருத்துப்போல இலைகள் அடுக்கி, நீர்மேல் தனித்தனியாக மிதப்பது. மென்மயிர் படர்ந்த இலைகளையுடையது. நாம் பேசும் செடிக்கோ இலைக்காம்பு வெங்காயம்போலப் பருத்திருக்கும். காற்று நிறைந்த அப்பருத்த காம்பே செடியை மிதக்கச் செய்கிறது. ஆதலால் வெங்காயத் தாமரை என்னும் பெயரே இதற்குப் பொருந்தும். தாவரவியலாரும் இதற்குப் பெயரிடுவதில் தடுமாறியே வந்துள்ளனர். 1823இல் மார்ட்டியஸ் என்னும் செருமானியத் தாவரவியலார் இதனைப் பொன்டெடேரியா இனத்தில் வைத்தார். 1883இல் ஐகார்னியா இனத்திற்கு மாற்றினர். அண்மையில் மீண்டும் பொன்டெடேரியாவுக்கே கொண்டுவந்துவிட்டனர். பெயர்க் குழப்பம் ஏட்டளவில் நிற்கும் குற்றமன்று என்பதைப் பின்னால் காண்போம்.

இச்செடியின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்று வெளி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பூந்தோட்டச் செடியாக வங்காளத்துக்கு வந்தது. வந்த சில ஆண்டுகளிலேயே கிழக்கு வங்காளத்து ஆறுகளிலும் கால்வாய்களிலும் படகு செல்ல இயலாதபடி மூடிக்கொண்டது. நெல் வயலிற் புகுந்து பயிரை அழுத்தியது. 1921இல் வங்காள அரசு ஒரு குழு அமைத்து, அறிவியல் மேதை ஜகதீச சந்திர போசைத் தலைவராக்கியது. 1936இல் இதனை ஒழிப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. இலங்கையோ இன்னும் முந்திக்கொண்டு, 1909ஆம் ஆண்டிலேயே வெங்காயத் தாமரைக்குத் தனிச் சட்டம் கண்டது. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் வங்காளக் கட்சிகள் ‘இச்செடியை ஒழிப்போம்’ என்று வாக்குறுதி அளித்தன என்றால், ஒரு செடி எந்த அளவுக்கு மக்களை வாட்டியிருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். செடி சட்டத்தையும் படிக்கவில்லை, வாக்குறுதியையும் கேட்கவில்லை.

இதன் ஆற்றல் எதில் உள்ளது? இரண்டு வழிகளில் இது பெருகுகிறது. தாய்ச் செடியின் அடியிலிருந்து ஓடுதண்டு ஒன்று பக்கவாட்டில் நீண்டு, அதன் நுனியில் சேய்ச் செடி தோன்றும். அச்சேய் சில நாளில் தாயாகும். வெப்பமும் உணவும் தக்கவாறு கிடைக்குமாயின், இரண்டு வாரங்களுக்குள் இதன் பரப்பு இரு மடங்காகும்.

இதிலுள்ள கணக்கைச் சிறிது பார்ப்போம். ஓர் ஏரி முழுவதையும் மூடியிருந்த செடியை அரும்பாடுபட்டு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நீக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சியது ஒரு பங்கு. இரண்டு வாரத்தில் அது இரண்டாகும். நான்கு வாரத்தில் நான்கு. ஆறு வாரத்தில் எட்டு. ஏழாவது இரட்டிப்பில் நூற்றிருபத்தெட்டு. அதாவது 14 வாரங்களுக்குள் ஏரி பழையபடியே மூடிக்கொள்ளும். சித்திரையில் நீக்கியது ஆடி முடியும்போது மீண்டும் நிற்கும். ஒப்பந்தக்காரருக்கு இதைவிட நல்ல பயிர் வேறு உண்டோ?

மற்றொரு வழி விதை. பூ வாடியதும் பூத்தண்டு வளைந்து நீருக்குள் தலை கவிழ்கிறது. விதைகள் சேற்றில் இறங்குகின்றன. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் அவை முளைக்கும் திறன் கெடாமல் சேற்றிற் கிடக்கும். இங்குதான் கரையின் சிறப்பு வருகிறது. ஆழ்ந்த நீரின் அடியில் இவ்விதைகள் எளிதில் முளைப்பதில்லை. கோடையில் நீர் வற்றி, கரையோரச் சேறு வெயிலையும் காற்றையும் காணும்போது முளைக்கின்றன. புல்போன்ற சிறு நாற்றுகள் சேற்றில் வேரூன்றி நிற்கும். மழைக்குப் பின் நீர் ஏறியதும் அவை கழன்று மிதக்கத் தொடங்கும். எனவே ஆற்றங்கரையும் ஏரிக்கரையும் இச்செடியின் நாற்றங்கால். நடுநீரில் மிதப்பதை மட்டும் அள்ளிவிட்டுக் கரைச் சேற்றைக் கவனியாமல் விடுவோர், நாற்றங்காலை வைத்துக்கொண்டு வயலை மட்டும் அழிக்கின்றனர்.

இனி, ஒழிக்கும் வழிகளைப் பற்றிக் கூறுவோம்.

கையால் அள்ளுவதும் பொறியால் அள்ளுவதும் யாவரும் அறிந்தவை. இவற்றின் இடர் எடையில் உள்ளது. இச்செடியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீர். நன்கு அடர்ந்த இடத்தில் ஒரு ஹெக்டேரில் பச்சை எடை 200 டன்னுக்கு மேலும் இருக்கும். பெங்களூரின் பெரிய ஏரியாகிய பெல்லந்தூர் ஏறக்குறைய 900 ஏக்கர், அதாவது சுமார் 360 ஹெக்டேர். அது முழுவதும் மூடிக்கிடந்தால் 72,000 டன். 10 டன் ஏற்றும் லாரிகளாயின் 7,200 நடை. இவ்வளவு பாடுபட்டு நாம் சுமந்து செல்வது பெரும்பாலும் தண்ணீரையே.

செலவுக்கு அஞ்சி, அள்ளியதைக் கரையிலேயே குவித்துவிடும் வழக்கமும் உண்டு. அடுத்த மழையில் அதில் ஒரு பகுதி நீருக்குள் திரும்புகிறது. எஞ்சியது அழுகி, தான் உறிஞ்சிய உரச்சத்தை எல்லாம் நீருக்கே கொடுக்கிறது. காய்ந்தாலும் தொல்லையே. 2015 மே, 2017 பிப்ரவரி, 2018 ஜனவரி ஆகிய மாதங்களில் பெல்லந்தூர் ஏரியில் தீப்பிடித்த செய்தி உலகெங்கும் பரவியது. கழிவுநீரின் நுரையும் கழிவு எண்ணெயும் சேற்றிலெழும் வாயுவும் குப்பை கொளுத்துவோரின் செயலும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. உலர்ந்த களையும் குப்பையும் தீக்கு இரையாயின. ஏரியில் தீ என்றால் நம் பாட்டிமார் நம்புவரோ?

வேதிப்பொருள் தெளிப்பது இரண்டாவது வழி. 2,4-டி போன்ற களைக்கொல்லிகளுக்கு இச்செடி மடியும். ஆயின் மடிந்த செடி நீரிலேயே அழுகி, நீரிலுள்ள உயிர்க்காற்றைக் குறைக்க, மீன்கள் மாளும். காற்றில் மிதந்து செல்லும் சிறு துளியும் தக்காளி, பருத்தி, திராட்சை முதலிய பயிர்களைக் கெடுக்கும். கரையோரமெல்லாம் தக்காளித் தோட்டமும், கீழே மக்கள் உண்ணும் நீரும் உள்ள நம் ஆற்றில் இவ்வழியைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

மூன்றாவது வழியே நாம் விரிவாகக் காணவேண்டியது. ஒரு செடி தன் தாயகத்தில் அடங்கிக் கிடப்பதற்கும் அயல்நாட்டில் அட்டகாசம் செய்வதற்கும் காரணம் என்ன? தாயகத்தில் அதனை உண்ணும் பூச்சிகள் உண்டு, அயல்நாட்டில் இல்லை. பகையை விட்டுவிட்டுச் செடி மட்டும் கப்பலேறி வந்துவிட்டது. ஆகவே அப்பகையையும் தேடிக் கொணர்வதே உயிரியல் முறை.

இது புதிய கருத்தன்று. உலகில் இம்முறை வெற்றிபெற்ற மிகப் பழைய இடங்களுள் நம் தென்னாடும் ஒன்று என்பது பலர் அறியாத செய்தி. கிழக்கிந்தியக் கம்பெனியார் சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்க்க விரும்பினர். சென்னையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் இதற்கெனக் கள்ளித் தோட்டமே வைத்திருந்தார். 1795இல் கேப்டன் நீல்சன் என்பார் பிரேசில் நாட்டிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார். வந்தது சாயப்பூச்சி அன்று. அதன் நெருங்கிய உறவினம். சாயம் நன்கு கிட்டவில்லை. ஆனால் அப்பூச்சி ஒருவகைச் சப்பாத்திக் கள்ளியை வேரோடு சாய்த்தது. அதைக் கண்டவர்கள் 1830களில் தென்னாட்டுக்கும், 1860களில் இலங்கைக்கும் கொண்டுசென்று விட்டனர். அங்கும் கள்ளி அழிந்தது. எஞ்சிய வேறொரு வகைக் கள்ளியை இப்பூச்சி தீண்டவில்லை. அது நம் மாவட்டங்களில் வயலும் பாதையும் தெரியாமல் மண்டிக் கிடந்தது. 1926இல் மற்றோர் இனக் கொச்சினீல் இலங்கை வழியாகச் சென்னை மாகாணத்துக்கு வந்தது. சில ஆண்டுகளில் அக்கள்ளியும் ஒடுங்கியது. கள்ளிக்காடு பற்றிப் பெரியோர் கூறும் கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். அக்காடு எங்கே போயிற்று என்று நாம் கேட்டதில்லை.

ஓர் இனப் பூச்சி ஓர் இனச் செடியையே நாடும். அடுத்த இனத்தைத் தொடாது. இம்முறையின் பாதுகாப்பும் இடர்ப்பாடும் இந்த ஓர் உண்மையிலேயே அடங்கியுள்ளன. செடியின் பெயரைத் தவறாகக் கொண்டால் பூச்சியும் தவறாகிவிடும். இதற்குக் கேரளம் சான்று. அங்கு ‘ஆப்பிரிக்கப் பாயல்’ என வழங்கும் சால்வினியா என்னும் மிதக்கும் பெரணி, குட்டநாட்டு வயல்களையும் காயல்களையும் மூடியது. அதனை வேறோர் இனமென்று உலகத்தார் நெடுநாள் கருதியிருந்தனர். 1972இல்தான் அது தனியினமென்று தெளிவாயிற்று. முந்திய பெயரை நம்பித் தேடிக் கொணர்ந்த பூச்சிகள் பயன் தரவில்லை. பின்னர்ப் பிரேசிலில் அதன் உண்மைத் தாயகம் கண்டு, அங்கிருந்து ஒரு சிறு கூன்வண்டை ஆஸ்திரேலிய அறிவியலார் எடுத்தனர். பாப்புவா நியூகினியில் செப்பிக் ஆற்றின் கரையில் படகின்றி வாழ இயலாத மக்கள், சால்வினியா வழியை மூடிவிட்டதால் ஊரையே விட்டுப் பெயரத் தொடங்கியிருந்தனர். அந்த வண்டு 1980களில் அவ்வாற்றைத் திறந்துவிட்டது. அப்பணிக்காக 1985இல் யுனெஸ்கோ அறிவியல் பரிசு வழங்கப்பட்டது. அதே வண்டு பெங்களூரில் ஓர் அல்லிக் குளத்தில் விடப்பட்டபோது பதினொரு மாதங்களில் சால்வினியா சரிந்து, அமுங்கிக் கிடந்த அல்லி மீண்டும் தழைத்தது. கேரளத்திலும் அது வெற்றி கண்டது.

பெங்களூர் இத்துறையில் ஒரு தலைநகரம் என்றே கூறலாம். 1957இல் பொதுநலவாய நாடுகளின் உயிரியல் கட்டுப்பாட்டுக் கழகம் தன் இந்திய நிலையத்தை இங்கேதான் நிறுவியது. இன்று வேளாண் பூச்சி வளங்களுக்கான தேசிய நிறுவனமும் இந்நகரில்தான் உள்ளது. நகரின் வடமேற்கே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சிக் கழகம், 1980களின் தொடக்கத்தில் வெங்காயத் தாமரைக்குரிய இரண்டு கூன்வண்டுகளை அமெரிக்க நாட்டின் புளோரிடாவிலிருந்து தருவித்தது. அவற்றின் பெயர் நியோகெடினா ஐகார்னியே, நியோகெடினா புரூக்கி. நம் பயிர்களுள் பலவற்றைக் கூண்டில் வைத்து, வண்டு அவற்றை உண்ணுகிறதா என்று சோதித்தபின்பே வெளியே விட்டனர். இப்பணியில் முன்னின்றவர் கே. பி. ஜெயந்த் என்னும் பூச்சியியலார்.

வண்டின் வாழ்வு சுவையானது. நெல்மணியளவும் இராது. பகலில் செடியின் குருத்தில் ஒளிந்துகொண்டு, இரவில் இலையின் மேற்றோலைச் சுரண்டித் தின்னும். பெண் வண்டு இலைக்காம்பின் சதைக்குள் முட்டையிடும். தன் வாழ்நாளில் சில நூறு முட்டைகள். புழு காம்பைக் குடைந்துகொண்டே கீழிறங்கிக் குருத்தை அடையும். குடைந்த காம்பில் நீர் புகுந்து அழுகும். வெங்காயம் போன்ற மிதவை ஓட்டையாகிவிட்டால் படகு என்னாகும்? பின்னர்ப் புழு நீருக்கடியில் வேர்களைக் கொண்டு கூடு பின்னி உறங்கி வண்டாக வெளிவரும். இவ்வாறு ஒரு தலைமுறை நிறைவேற மூன்று, நான்கு மாதங்கள் ஆகும்.

இவ்வண்டுகள் பெங்களூர் ஏரிகள் பலவற்றில் விடப்பட்டன. முதலாண்டு கண்ணுக்குத் தெரிந்த பயன் ஒன்றுமில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் செடிகள் குட்டையாகி, பூப்பது குறைந்து, பழுப்பேறி, கூட்டங் கூட்டமாக அமிழ்ந்தன. 1990களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலும் இதே வண்டுகள் பெரும் பங்காற்றின.

அப்படியானால் பெங்களூர் ஏரிகளில் இன்றும் இச்செடி ஏன் நிற்கிறது? வண்டு தோற்றுவிட்டதா? நேர்மையான மாணவன் இந்த வினாவைத் தாண்டிச் செல்ல மாட்டான்.

முதற் காரணம் சாக்கடை. நகரின் கோரமங்கலா–செல்லகட்டப் பள்ளத்தாக்கின் நீரெல்லாம் பெல்லந்தூருக்கு வந்து, அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்குச் சென்று, பின் தென்பெண்ணையை அடைகிறது. வீடுகளின் கழிவிலும் சலவைத் தூளிலும் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் அந்நீரில் நிறைந்துள்ளன. உழவன் காசு கொடுத்து வாங்கும் உரத்தை நகரம் இச்செடிக்கு நாள்தோறும் இலவசமாக வார்க்கிறது. வண்டு கடிக்கக் கடிக்கப் புதிய இலை விட அதற்கு வலிமை இருக்கிறது. செடி இரண்டு வாரத்தில் இரட்டிக்கிறது. வண்டோ ஒரு தலைமுறைக்கு நூறு நாள் எடுத்துக்கொள்கிறது. நீர் ஓரளவு தூய்மையானால்தான் இப்போட்டியில் வண்டு முந்தும்.

இரண்டாவது காரணம் நம் அவசரம். பத்திரிகையில் கண்டனம் வந்ததும் பொறியைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் வாரிக் கரையேற்றுகிறோம். செடியோடு வண்டும் முட்டையும் புழுவும் கரையேறி வெயிலில் மாள்கின்றன. சேற்று விதையிலிருந்து மீண்டும் எழும் செடிக்கோ பகையே இல்லை. இரண்டு முறைகளையும் ஒருங்கே கையாள வேண்டுமாயின், செடியை முழுவதும் அள்ளாமல், வண்டு நிறைந்த பகுதிகளைக் கட்டை மிதவைகளால் வேலியிட்டு ஓரங்களில் விட்டுவைக்க வேண்டும். நடுவில் அள்ளலாம், பூக்கும் முன்னரே அள்ள வேண்டும், அள்ளியதைக் கரையிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். வண்டுக்கு ஈராண்டேனும் தவணை கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் ஓராண்டுக்கும், வண்டின் வேலை மூன்றாண்டுக்கும் என்றிருப்பதே இதிலுள்ள சிக்கல்.

மூன்றாவது, ஒரு களை ஒழிந்த இடத்தை மற்றொன்று பிடித்துக்கொள்கிறது. சம்பங்கோரை ஒன்று. அதைவிடக் கவனிக்க வேண்டியது, ஆங்கிலத்தில் முதலையின் பெயரால் வழங்கும் தென் அமெரிக்கக் களை. பெங்களூர் ஏரிக் கரைகளில் இது உண்டு. கரையில் வேரூன்றி நீரின்மேல் நீண்டு படர்வதால் நிலமும் நீரும் இரண்டும் இதற்கு வீடு. ஒரு கணு அறுந்து மிதந்து சென்றாலும் போதும், கீழே எங்கேனும் கரை ஒதுங்கி முளைக்கும். ஆகவே இதனை வெட்டி ஆற்றில் தள்ளுவது விதைப்பதற்கு ஒப்பாகும். கணுவும் வேரும் எஞ்சாமல் பிடுங்கிக் கரைக்கு வெளியே உலர்த்த வேண்டும். இது நம் பொன்னாங்கண்ணிக்கு உடன்பிறப்பு. பார்ப்பதற்கும் அவ்வாறே இருக்கும். கன்னடத்தில் ஹொனகொனெ சொப்பு என்று விற்கும் கீரையும் பொன்னாங்கண்ணியே. ஆஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கை மக்கள் இக்களையைத் தம் நாட்டுப் பொன்னாங்கண்ணி என்று எண்ணித் தோட்டங்களில் வளர்த்து உண்டதை, 1990களில் அந்நாட்டு அரசு கண்டறிந்து திடுக்கிட்டது. வேறுபாடு எளிது. பொன்னாங்கண்ணியின் வெண்பூ காம்பின்றி இலைக் கக்கத்திலேயே ஒட்டியிருக்கும். முதலைக் களையின் பூவுருண்டை தனிக் காம்பின்மேல் நிற்கும். முற்றிய தண்டு உள்ளே கூடாக இருக்கும். சாக்கடை ஏரியில் வளர்ந்த கீரை எதுவாயினும் ஈயம் முதலிய உலோகங்களைச் சேர்த்து வைத்திருக்கக்கூடும். விடுதிச் சமையற்காரருக்கு இதைச் சொல்லி வைப்பது நல்லது.

உயிரியல் முறைக்கு மக்களின் அச்சமும் ஒரு தடை என்பதற்குப் பெங்களூரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1950களில் புனே நகரில் முதன்முதல் கவனிக்கப்பட்ட பார்த்தீனியம், பின்னர் நாடெங்கும் வழியோரங்களையும் ஓடைக் கரைகளையும் பிடித்தது. மெக்சிகோவிலிருந்து சைகோகிராமா என்னும் வண்டு 1983இல் ஹெசரகட்டாவுக்கு வந்தது; மறு ஆண்டு வெளியே விடப்பட்டது. சில ஆண்டுகளில் பெங்களூரைச் சுற்றிப் பார்த்தீனியம் இலையின்றி நின்றது. அப்போது சில ஊர்களில் அவ்வண்டு சூரியகாந்தி இலையிலும் காணப்பட்டது. உழவர் அஞ்சினர், அரசு உண்மையறிய ஒரு குழுவை அமைத்தது. ஆராய்ந்தபோது, பார்த்தீனியத்தின் மகரந்தம் காற்றில் வந்து சூரியகாந்தி இலைமேல் படிந்திருந்ததும், அம்மகரந்தமே வண்டைக் கடிக்கத் தூண்டியதும் தெரியவந்தன. உழவரின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடாமல் ஆராய்ந்த முறையை நான் பாராட்டுவேன். அயல் பூச்சியைத் தன் வயலில் கண்ட எவனும் கேட்கும் கேள்வியைத்தான் அவர்கள் கேட்டனர்.

களையைப் பயன்படுத்தியே ஒழிக்கலாம் என்போர் உளர். மலே மகாதேசுவர மலையில் சோலிகர் மக்கள், மூங்கில் அரிதாகிவிட்ட நிலையில், உண்ணிச்செடியின் தண்டைக் கொண்டு நாற்காலியும் கூடையும் செய்கின்றனர். பெங்களூரின் ஏட்ரீ ஆய்வு நிறுவனம் அதற்கு வழிகாட்டியது. அது ஒரு நல்ல பிழைப்பு. வெங்காயத் தாமரையிலும் பை, பாய், தொழு உரம் ஆகியவை செய்யலாம். ஆயின் நூறு கிலோவை உலர்த்தினால் ஐந்து கிலோவே மிஞ்சும் செடியை, கைத்தொழில் தின்று தீர்க்கும் என்று நம்புவதற்கில்லை. சாக்கடையில் வளர்ந்ததாயின் உரமாக்கும் முன் உலோகச் சோதனையும் வேண்டும்.

மேலே எழுந்த கேள்விக்கு இனி விடை கூறலாம். வண்டு தோற்கவில்லை, அதற்குத் தோல்வியுறும் களத்தை நாம் அமைத்துக் கொடுத்தோம். நகரில் சாக்கடைச் சுத்திகரிப்பு நிறைவேறாத வரையில் ஏரியில் செடியும், கெலவரப்பள்ளியில் நுரையும் ஒருங்கே தொடரும். பெங்களூரில் பெருமழை பெய்த பின் அவ்வணையின் மதகுகளில் வெண்ணுரை மலைபோலப் பொங்குவதை ஒசூர் உழவர் ஆண்டுதோறும் காண்கின்றனர். அந்நீரில்தான் அவர்கள் தக்காளியும் கீரையும் பயிரிடுகின்றனர். அக்காய்கறியில் ஒரு பகுதி நம் நகரச் சந்தைக்கே வருகிறது. ஆற்றுநீர்ப் பங்கீட்டைப் பற்றி இரு மாநிலத்தாரும் ஆண்டுக்கணக்காக வழக்காடியிருக்கின்றனர். எத்தனை கனஅடி என்பதே வழக்கு; எத்தகைய நீர் என்பது அவ்வளவாக எழுவதில்லை. பெங்களூரில் குளித்துச் சலவை செய்யும் நாமும் அந்நுரைக்கு ஒரு பங்கு கொடுத்தே வருகிறோம்.

இதைப் படித்தபின் ஏரிக் கரைக்கோ ஓடைக் கரைக்கோ செல்வோர் வண்டு அங்கு உள்ளதா என்பதைத் தாமே அறியலாம். கரையிலிருந்து கைக்கெட்டும் பத்துச் செடிகளை, ஒன்றுக்கொன்று சில அடி தள்ளி, எடுக்க வேண்டும். நீரைத் தொடாதபடி ரப்பர்க் கையுறை அணிந்துகொள்க. ஒவ்வொரு செடியிலும் குருத்திலிருந்து மூன்றாவது இலையைப் பாருங்கள். மேற்புறத்தில் பச்சை சுரண்டப்பட்டு, கண்ணாடிபோல மெல்லிய சிறு புள்ளிகள், மிளகில் பாதியளவில் இருக்குமாயின், அவை வண்டு உண்ட தடங்கள். அவற்றை எண்ணிக் குறித்துக்கொள்க. பின்பு காம்பை நீளவாக்கில் பிளந்து, பழுப்பு நிறச் சுரங்கம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். வெண்ணிறப் புழுவே அகப்படுவதும் உண்டு. எடுத்த செடிகளை நீரில் எறியாமல் உலர்ந்த தரையில் இட்டுவிட வேண்டும். மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே முறையில் எண்ணினால், ஓராண்டில் நம் கையில் பன்னிரண்டு எண்கள் இருக்கும். அடுத்த முறை அந்த ஏரிக்குப் பொறி வரும்போது, எந்தப் பகுதியைத் தொடாமல் விட வேண்டும் என்று அவ்வெண்களைக் காட்டிச் சொல்லலாம்.